மாடிப்படிக்கு அடியில் ஒரு ஜன்னல்

போன ஆடிப்பெருக்கு அன்று நடந்தது. இண்டூர் பக்கத்தில் புது வீடு கட்டிக் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒகேனக்கல் போய்விட்டுத் திரும்பும் வழியில் மச்சான் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்.

எனக்குப் பெருமையடிப்பதென்றால் வெல்லம். பிளஸ் ஒன் படிக்கும் என் மகள், செல்போனில் பார்த்துப் பார்த்து, செருப்பு டப்பாவுக்குள் ஒரு குட்டி அறை செய்திருந்தாள். விரல் நீளத்துக்குப் பாய், பாட்டில் மூடியில் தட்டு, நூலைச் சுருட்டிக் கொசுவத்தி. சின்ன பல்பு ஒன்று நிஜமாகவே எரிந்தது. இரண்டு வாரமாகச் செய்துகொண்டிருந்தாள். நான் உட்கார்ந்து ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் அவளைக் கேட்காமலே எடுத்துவந்து டீப்பாய்மேல் வைத்தேன்.

"எங்க புள்ள செஞ்சதுங்க! இஞ்சினீயருங்க தோத்தாங்க போங்க!"

மச்சான் மனைவி குனிந்து பார்த்தார். "ஏங்கண்ணா, இது உங்க வூட்ல எந்த ரூமுங்க? பாயும் தட்டும் மட்டுந்தான் இருக்குது?"

அப்போதுதான் நானும் குனிந்து பார்த்தேன். கூரை சாய்வாக இருந்தது. திக்கென்றது. அது எங்கள் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இடம். வீட்டுக்குத் தூரமான மூன்று நாளும் பெண்கள் தங்குவதற்கென்று நானே கொத்தனாரிடம் சொல்லிக் கட்டியது. பழைய வீட்டில் என் மனைவி அந்த நாட்களில் மாட்டுக்கொட்டாயில் படுத்தாள். 'நான் டைல்ஸே போட்டுக் குடுத்துட்டேன்' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். எதிரில் சாமி ரூம் வருகிறது என்று ஜன்னல் மட்டும் வேண்டாம் என்றிருந்தேன்.

டப்பாவில் ஜன்னல் இருந்தது. அதற்கு வெளியே நீலத்தில் வத்தல்மலை.

அசட்டுச் சிரிப்போடு, "அங்க ஏது கண்ணு ஜன்னல்? தப்பா வெச்சுட்டியே" என்றேன்.

"இல்லைன்னுதாம்பா வெச்சேன்."

என் மனைவி காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வந்தவர்கள் முன்னால் மானம் போகிறதே என்ற அவசரத்தில், "அவ்ளோதானே? நாளைக்கே கொத்தனார வரச்சொல்லி நெசமாவே ஒரு ஜன்னல் வெச்சுடறேன்" என்று சொல்லிவிட்டேன். மச்சானும், "அதானே, வெச்சுட்டா போச்சு" என்றார்.

மகள் பல்பை அணைத்து டப்பாவை மூடினாள். "நான் அங்க இருக்கவே மாட்டேங்கறேன். நீ ஜன்னல் வெக்கறேங்கறியேப்பா" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. அழுது கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த மாதத்திலிருந்து அவள் தன் கட்டிலில்தான் படுக்கிறாள். முதல் தடவை, "சாமி குத்தம் ஆயிடுமோ?" என்று பயந்த மனைவியும் இப்போது உள்ளேதான் இருக்கிறாள். ஒரு குத்தமும் வரவில்லை. படிக்கு அடியில் தேங்காய் கொட்டி வைத்திருக்கிறோம்.

அந்த இடத்தைக் கட்டியதைக்கூட அறியாமல் செய்தேன் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன். எல்லாம் புரிந்த பிறகும், பெற்ற மகளிடம் ஜன்னல் வைத்துத் தருகிறேன் என்றேனே, அந்த வெட்கம் மட்டும் தேங்காய் எடுக்கக் குனியும்போதெல்லாம் என்னைக் கூனிக் குறுக வைக்கிறது.