மருந்துத் தட்டில் முளைத்தது

என் கணவர் அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். போன கோடையில் அவர் இடுப்பில் படர்தாமரை வந்தது. விளிம்பு சிவந்த ஒரு வட்டம். மருந்துக்கடைக் களிம்பைத் தடவினால் அடங்கும், நிறுத்தினால் இரண்டு மடங்காகத் திரும்பும். தோல் டாக்டர் எழுதிய மாத்திரையை ஆறு வாரம் நானே எடுத்துக் கொடுத்தேன். வட்டம் முதுகுக்குப் பரவியது.

"ஒழுங்கா முழுங்குறீங்களா, துப்பிப்புடுறீங்களா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஒன் கண்ணு முன்னாடிதான முழுங்குறேன். இன்னும் எம்புட்டு முழுங்கச் சொல்ற?" என்றார்.

நான் வேலை பார்ப்பது கிருமிகளை வளர்த்துச் சோதிக்கும் ஓர் ஆய்வகத்தில். அங்கிருக்கும் டாக்டரம்மாவிடம் சொல்லி, கணவரை வரவழைத்து, அவர் தோலை நானே சுரண்டி எடுத்தேன். அதில் வளர்ந்த பூஞ்சையை இரண்டு தட்டுகளில் வைத்தோம். ஒன்றில் பூஞ்சைக்கான உணவு மட்டும். மற்றதில் அதே உணவோடு அவர் விழுங்கிய மருந்து.

எட்டாம் நாள் திறந்தேன். மருந்துத் தட்டு வெறுமையாக இருந்திருக்கவேண்டும். இரண்டிலும் அரிசி மாவு தூவியதுபோல ஒரே வெள்ளை. மூடியில் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் எது எதென்று தெரிந்தது. எத்தனையோ பேருடைய பூஞ்சையைக் கையாண்டவள் நான். ஆனால் இது எங்கள் படுக்கையிலிருந்து வந்தது.

அந்தப் பூஞ்சையின் மரபணுச் சோதனை முடிவு வந்ததும் டாக்டரம்மா கூப்பிட்டார். "ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும்மா. மருந்து போய்ப் பிடிக்கிற எடமே உருமாறிப்போச்சு. அவரு ஒழுங்காத்தான் சாப்பிட்டிருக்காரு."

அன்று மாலை சேலை மாற்றும்போது இடுப்பு அரித்தது. குனிந்து பார்க்கத் துணிவில்லை. விரலால் தடவினேன். மேடான விளிம்பு வளைந்து போய், தொடங்கிய இடத்துக்கே வந்தது.

வெளியே வந்து, "உங்களச் சந்தேகப்பட்டுட்டேன்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்ததுமே, "ஒனக்குமா?" என்றார்.

வேறு மருந்தை இருவரும் சேர்ந்தே சாப்பிட்டோம். துணிகளைக் கொதிநீரில் போட்டோம். மூன்று மாதத்தில் ஆறியது, கருந்தடம் மட்டும் நின்றது.

போன வாரம் அவர் ஆட்டோவில் ஒரு பெண் இறங்கும்வரை சொறிந்துகொண்டே வந்தாளாம். "மாத்திர சாப்பிட்டும் கேக்கலண்ணே" என்றாளாம். ஆய்வகத்துக்கு வழி சொல்லி அனுப்பியிருக்கிறார்.

மறுநாள் வந்தாள். கூட இன்னும் மூன்று பெண்கள்.

"ஒரே வீடா?" என்றேன்.

"இல்லக்கா, வேற வேற தெரு. வேலைக்கு ஒரே ஆட்டோவுல, அந்த அண்ணன் ஆட்டோவுலதான் போவோம்" என்றாள்.