தேனி வரைக்கும் விடாத கை

எங்கள் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில், அடிபட்டவர்களை அசையாமல் கிடத்த ஒரு பலகை இருந்தது. பழைய பெஞ்சின் கால்களைக் கழற்றி, ஓரங்களில் பட்டை கோக்க ஓட்டை போட்டு, டாக்டரே ஆசாரியிடம் நின்று செய்து வாங்கியது. இப்போது கழுத்துப்பட்டை முதற்கொண்டு எல்லாம் ஆம்புலன்ஸ் வண்டியிலேயே வந்துவிடுகிறது. அங்கே நர்ஸாக இருந்த எனக்கு, அந்தப் பலகையை நினைத்தாலே காமயகவுண்டன்பட்டி அக்காவின் முகம்தான் வருகிறது.

அவருடைய வீட்டுக்காரர் தேங்காய் பறிக்க மரம் ஏறி, மட்டையோடு விழுந்துவிட்டார். சொந்தக்காரர்கள் ஆட்டோவில் நிமிர உட்காரவைத்து, ஆளுக்கொரு தோளைத் தாங்கி, வழியில் சோடாவும் கொடுத்துக் கூட்டிவந்தார்கள். உயிரோடு இருப்பவரைக் கிடத்தித் தூக்கிவருவது ஆகாதாம். பாசத்தில் செய்ததுதான், முறிந்த எலும்புக்குப் பாசம் தெரிய வேண்டுமே.

காலை ஆட்டச் சொன்னதும் ஆட்டினார். டாக்டரைத் தவிர எல்லோருக்கும் நிம்மதி. பின்கழுத்தின் நடுவில் விரல் பட்டதுமே மனிதர் துடித்தார். கைவிரல்களில் எறும்பு ஊர்கிறது என்றார். டாக்டர் தலையை இரு கையாலும் அசையாமல் பிடித்துக்கொள்ள, நாங்கள் நாலு பேர் சேர்ந்து பலகையில் கிடத்தினோம். எக்ஸ்ரேயில் கழுத்து எலும்பு ஒன்று உடைந்து முன்னால் நழுவியிருந்தது. உள்ளே போகும் தண்டுவடம் இன்னும் நசுங்கவில்லை. தலை ஒரு தரம் புரண்டால் போதும், கைகால் போய்விடும், மூச்சும் நின்றுவிடலாம்.

தேனிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப, தலைக்கு இருபுறமும் துண்டைச் சுருட்டி வைத்து, நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டி, உடம்பைப் பட்டையால் கட்டத் தொடங்கினோம். அக்கா ஓடிவந்து டாக்டரின் கையைப் பிடித்துவிட்டார்.

"உசுரோட இருக்கவுகளப் பாடையில கட்டுற மாதிரி கட்டுறீகளே சார்."

தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அழுதார். எங்கள் டாக்டர் சட்டென்று எரிந்து விழுகிறவர். அன்று என்னவோ கத்தவில்லை.

"அவர் நடந்து வீட்டுக்கு வரணும்னா தலை அசையக் கூடாதும்மா. மடி வேணாம். ரெண்டு கையாலயும் இப்பிடிப் பிடிச்சுக்கங்க. தேனி வரைக்கும் விட்றாதீக."

அக்காவின் கைகளை எடுத்துத் துண்டுச் சுருள்களின் மேல் அவரே வைத்தார்.

வண்டியில் நானும் போனேன். டிரைவர் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஊர்ந்தார். அக்கா கண்ணீரைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. அது வீட்டுக்காரரின் நெற்றியில் சொட்ட, நான்தான் இரண்டு பேருக்கும் துடைத்துவிட்டேன். அவரால் வேறெங்கும் பார்க்க முடியாது. வழிநெடுக மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆபரேஷன் முடிந்து, தேறி, அவர் நடந்தே வீடு போனதைப் பிறகு கேள்விப்பட்டேன். கண்ணால் பார்த்தது தேனியில் இறக்கிய அந்த நேரத்தைத்தான். அங்கிருந்த டாக்டர் கால் கட்டைவிரலை ஆட்டச் சொன்னார். அக்கா அவர் தலையிலிருந்து கண்ணை எடுக்காமலே என்னைக் கேட்டார்.

"ஆடுதா தாயி?"

நான் வாய் திறக்குமுன் பலகையிலிருந்து பதில் வந்தது.

"நாந்தேன் ஆட்டுறேன் புள்ள. இனிமே கைய விடு."