எந்தக் கட்சிச் சீட்டு?

ஹேஸ்லரில் யாரும் கட்சிகளின் பெயரைச் சொல்வதில்லை. ‘நம்ம ஆளுங்க’, ‘அவங்க’ என்றால் போதும். தானியக் கிடங்கின் முன்னறையில் காலையில் காப்பி குடிக்கக் கூடுகிற ஏழெட்டுப் பேருக்கு ‘அவங்க’ யார் என்று விளக்க வேண்டியதில்லை. பகடை உருட்டுவார்கள். குறைந்த எண் விழுந்தவன் எல்லோருடைய காப்பிக்கும் காசு கொடுக்க வேண்டும். பிறகு சோள விலை, மழை, அவங்க.

அவர்களைப் பற்றி ராய்ஸ் டெக்கர் பத்தொன்பது வருடங்களாக எழுதிவந்தான். நெடுஞ்சாலை ஓரத்தில் அவனுக்கு டயர் கடை. உள்ளூர் வாரப் பத்திரிகையின் நான்காம் பக்கத்தில் இடது பாதி அவனுடையது. வலது பாதியில் எதிர்ப்பக்கத்துக்காக மார்லீன் ஓப்ரெக்ட் எழுதினாள். ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியை. செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் கொடுக்க வேண்டும். டயர் மாற்றுகிற நேரம் போக மற்ற நேரத்தில் அவன் எழுதினான். அவனுடைய தாள்களில் கறுப்புக் கட்டைவிரல் தடம் இல்லாமல் ஒன்றுகூட வந்ததில்லை என்று பத்திரிகை ஆசிரியர் சொல்வார்.

எழுத ஆரம்பித்தது ஒரு வரைபடத்தால். மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் அவங்க உட்கார்ந்து, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் தொகுதிகளைத் திருத்தி வரைந்திருந்தார்கள். ஹேஸ்லர் மூன்று மணி நேரம் தள்ளியிருந்த ஒரு நகரத்தோடு சேர்க்கப்பட்டிருந்தது. நம்ப முடியாமல் ராய்ஸ் ஒரு சனிக்கிழமை மனைவி வெர்னாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு தொகுதியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டிப் பார்த்தான். ஓரிடத்தில் தொகுதியின் அகலம் ஒரு பாலத்தின் அகலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்று வாத்து சுடுகிறவன் வேறு தொகுதி, அந்தப் பக்கம் நின்று மீன் பிடிக்கிறவன் இன்னொரு தொகுதி. வெர்னா கட்டிக் கொண்டுவந்த ரொட்டியைப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டார்கள். ராய்ஸ் பாதியில் நிறுத்திவிட்டான். இதைச் செய்தவர்கள் வேறு என்னென்ன செய்திருப்பார்கள் என்று அன்று தொடங்கிய யோசனை பிறகு ஓயவில்லை.

பேரம் பேசாமல் நான்கு டயரும் வாங்குகிற அந்நியன் எந்தப் பக்கம் அனுப்பிய ஆள் என்று யோசித்தான். தேர்தல் சமயத்தில் தொலைபேசி இருமுறை ஒலித்து நின்றால் குறித்துக்கொண்டான். வாசல் புல்லில் ஊன்றிய தன் கட்சிப் பலகை ஒருநாள் காணாமல் போனபோது ‘ஜனநாயகம் களவு போகிறது’ என்று எழுதினான். காற்று அடித்துக்கொண்டு போய் மார்லீன் வீட்டு வேலியில் சொருகியிருந்தது. அவளே கொண்டுவந்து கொடுத்தாள். ஏன் கொடுத்தாள் என்று இரண்டு நாள் யோசித்தான்.

அவனுக்கு ஒரு பதவியும் இருந்தது. அவன் கட்சிக்கு ஹேஸ்லர் வட்டப் பிரதிநிதி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மார்ச் மாதத்தில், கட்சிகள் தங்கள் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கிற முதல்கட்டத் தேர்தலில், அந்தக் கட்சியின் ஓட்டுச் சீட்டை வாங்குகிறவர்கள் வட்டப் பிரதிநிதிக்கும் ஓட்டுப் போடுவார்கள். சம்பளம் இல்லை. சீட்டின் கடைசியில் அவன் பெயர் மட்டும் தனியாக இருக்கும். யாரும் எதிர்த்ததில்லை. பலர் அதுவரை படிப்பதுகூட இல்லை.

இந்த வருடம் அந்தப் பதவிக்குத் திடீரென்று எடை கூடியது. ராய்ஸின் கட்சியைச் சேர்ந்த அந்தப் பகுதிச் சட்டசபை உறுப்பினர் உடம்பு முடியாமல் ஏப்ரலில் விலகப் போவதாக அறிவித்திருந்தார். மீதிக் காலத்துக்கு யார் என்பதை அவர் கட்சியின் வட்டப் பிரதிநிதிகள் கூடி முடிவு செய்வார்கள். மாவட்டத் தலைநகரின் வக்கீல் ட்ரென்ட் மேப்ரி ஒருவன். மாட்டு வைத்தியர் லூசிண்டா ஃபாரோ இன்னொருத்தி. மேப்ரி கை கொடுக்கும்போது தோளுக்கு மேல் வேறு யாரையாவது பார்ப்பான். லூசிண்டா தோள்வரை மாட்டுக்குள் கையை விட்டவள். ராய்ஸ் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். பத்தொன்பது வருடம் எழுதியதில் கைக்குப் பிடிபடுகிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. இது ஒன்று நடக்கட்டும் என்று வெர்னாவிடம் சொன்னான்.

அப்படியிருந்தும் ஜனவரியிலிருந்து அவன் எழுதியது வேறு விஷயம். காங்கிரஸ் தொகுதிக்கு அவங்க பக்கத்தில் இரண்டு பேர் போட்டியிட்டார்கள். ஒருத்தி வலுவானவள். மற்றவன் ஹாலிஸ் க்வின், தேனீ வளர்ப்பவன், மேடையில் நின்றால் பேச்சை முடிக்கத் தெரியாதவன். தங்கள் பக்கத்தில் காங்கிரஸுக்கு ஒரே ஆள்தான், போட்டியே இல்லை. ஆகவே, ராய்ஸ் எழுதினான், மார்ச்சில் நாம் எல்லோரும் அவங்க சீட்டை வாங்கி க்வினுக்குப் போடுவோம். நவம்பரில் நம்மை எதிர்த்து யார் நிற்பது என்பதை நாமே முடிவு செய்வோம். தொடர்ந்து எட்டு வாரம் இதையே எழுதினான். சட்டப்படி தப்பில்லை. யாரும் எந்தச் சீட்டையும் கேட்கலாம். ஆனால் ஒன்றுதான் கேட்கலாம், வாய்விட்டும் கேட்க வேண்டும்.

காப்பி மேஜையில் பலர் சிரித்து ஒப்புக்கொண்டார்கள். கார்த் லின்னெல் மட்டும் சிரிக்கவில்லை. கார்த் அவனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வரிசையில் உட்கார்ந்தவன். கிடங்கில் எடை போடுகிறவன். ஜனவரிக்குப் பிறகு பகடை உருட்டியதும் எழுந்துபோக ஆரம்பித்தான். ராய்ஸ் உள்ளே வரும்போது இரண்டு முறை பேச்சை நிறுத்தினான். ஒரு நாள் அவன் வண்டி மாவட்ட அலுவலகத்தின் வாசலில் நின்றது. வண்டி வரி கட்டுகிற மாதமில்லை.

பிப்ரவரியில் கார்த் டயர் ஓட்டைக்காகக் கடைக்கு வந்தபோது ராய்ஸ் சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே கேட்டான்.

“நீ அந்தப் பக்கம் போயிட்டியா?”

“அறுபத்து நாலு வயசுல ஒரு தடவைகூட அவங்க சீட்டை வாங்கினதில்ல. இந்தத் தடவையும் வாங்க மாட்டேன்.”

“அப்ப நான் எழுதறதப் படிக்கறதில்ல.”

“படிக்கிறேன். அதனாலதான்.”

ராய்ஸ் அன்று இரவுச் சாப்பாட்டில் வெர்னாவிடம், கார்த்தை அவங்க பிடித்துவிட்டார்கள் என்றான். நம் பக்கம் கடந்து போய்ப் போட்டால் அவங்களுக்குத்தானே ஆபத்து? அதைத் தடுக்கிறவன் யாருக்காகத் தடுக்கிறான்? வெர்னா உருளைக்கிழங்கை அவன் பக்கம் தள்ளினாள். கார்த் அவளுடைய தேவாலயப் பாடகர் குழுவில் இருக்கிறான் என்றும் வழக்கம்போல்தான் கட்டைக் குரலில் பாடுகிறான் என்றும் சொன்னாள்.

தேர்தல் அன்று தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வரிசை படிக்கட்டுவரை நின்றது. ஒரு மேஜையில் பெண்கள் ஆப்பிள் பலகாரம் விற்றார்கள். இன்னொரு மேஜையில் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்த தேர்தல் அலுவலர்கள். நடுவில் மார்லீன்.

“எந்தக் கட்சிச் சீட்டு?” என்று சட்டம் சொல்லியபடி எல்லோரையும் கேட்டது போலவே கேட்டாள்.

பின்னால் அவன் பத்தியைப் படிக்கிற பதினைந்து பேராவது நின்றார்கள். எட்டு வாரம் எழுதிவிட்டு இப்போது சொந்தச் சீட்டை வாங்கினால் அந்தப் பதினைந்து பேரும் என்ன செய்வார்கள் என்று அவனுக்குத் தெரியும். தன் பதவிக்கு எதிர்ப்பு இல்லை என்பதும் தெரியும். அவங்க கட்சியின் பெயரைச் சொன்னான். அந்தப் பெயரை முழுதாக உச்சரித்து எவ்வளவு காலம் ஆயிற்றோ, கடைசிப் பாதி வெளியே கேட்கவில்லை.

“இன்னொரு தரம் சொல்லு ராய்ஸ். படிக்கட்டுல நிக்கறவங்களுக்குக் கேக்கல.”

சொன்னான். வரிசை சிரித்தது. மார்லீனும் சிரித்துக்கொண்டே சீட்டை நீட்டினாள். அவ்வளவு சுலபமாக அவள் சிரித்தது அவனை வீடுவரை தொந்தரவு செய்தது. க்வின்தான் அவங்களுக்கும் வேண்டியவனோ?

இரண்டு நாள் கழித்து முடிவுகள் முழுதாக வந்தன. க்வின் ஜெயித்திருந்தான். தானியக் கிடங்கில் யாரோ ராய்ஸின் முதுகில் தட்டினார்கள். அவன் கடைக்குத் திரும்பி மாவட்ட அலுவலகத்தின் அறிவிப்பைக் கடைசிவரை படித்தான். ஹேஸ்லர் வட்டப் பிரதிநிதி: ராய்ஸ் டெக்கர் இருபத்தாறு. கீழே, சீட்டில் அச்சாகாத பெயர், ஓட்டுப் போட்டவர்கள் கையால் எழுதியது: கார்த் லின்னெல் முப்பத்தொன்று.

கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனான். கணக்கில் ஏதோ நடந்திருக்கிறது, சீட்டுகளைப் பார்க்க வேண்டும் என்றான். கவுன்டருக்குப் பின்னாலிருந்த அலுவலர் அவனுக்கு இருபது வருடப் பழக்கம். கையால் எழுதப்படும் பெயருக்கு முன்கூட்டிப் பதிந்துகொள்ள வேண்டும், லின்னெல் ஜனவரியில் வந்து பதிந்தார், அறிவிப்பு இதோ இந்தப் பலகையில் இரண்டு மாதம் தொங்கியது என்று அவள் காட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“மறுபடி எண்ணச் சொல்லி எழுதிக் குடு, தடுக்கல. ஆனா எத்தனை தரம் எண்ணினாலும் உன் ஓட்டு இந்தக் கட்டுல வராது ராய்ஸ். அது அந்தக் கட்டுல இருக்கு.”

ஹேஸ்லரில் அவனுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் அவனுடைய வாசகர்கள். அவன் சொன்னதைக் கேட்டு வரிசையாக அடுத்த சீட்டை வாங்கிப் போயிருந்தார்கள். கேட்காதவர்கள் மட்டும் இந்தக் கட்டில் மிச்சமிருந்தார்கள்.

வீட்டில் வெர்னா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் உட்காரவில்லை.

“நீ எந்தச் சீட்டு வாங்கின?”

“நீ எழுதினதைத்தான் செஞ்சேன்.”

“எனக்காகவாவது நம்ம சீட்டை வாங்கியிருக்கலாம்.”

“எட்டு வாரம் அப்படியா எழுதின?” துவாலையை நான்காக மடித்து மேலே வைத்தாள். “போடறதுக்கு முன்னால அந்தத் தேனீக்காரர் பேசறதைப் போய்க் கேட்டேன். ரொம்ப நேரம் பேசினார். ஆனா பாதி சரியாத்தான் இருந்துது. நவம்பர்ல என்ன செய்யறதுன்னு இன்னும் யோசிக்கலை.”

அவன் அவளை முதல்முறை பார்ப்பவன் போலப் பார்த்தான். அவங்க இந்த வீட்டுக்குள்ளேயே எப்போது வந்தார்கள் என்று தோன்றியது. மூன்று நாள் கேட்டும் கேட்காமலும் அதைச் சுற்றி வந்தான். யார் கூட்டிப் போனார்கள், மார்லீன் இருந்தாளா, ஏன் சொல்லவில்லை. நீ கேட்கவில்லை என்று அவள் சொன்னாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. நான்காம் பக்கத்தின் இடது பாதியில் உரக் கம்பெனி விளம்பரம் வந்தது.

பிரதிநிதிகள் கூடவிருந்த நாளன்று பிற்பகலில் கார்த் கடைக்கு வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. தேர்தலுக்குப் பிறகு இருவரும் பேசவில்லை. கார்த் கதவருகே நின்று, உன்மேல் கோபத்தில் நிற்கவில்லை, எல்லோரும் அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கத்தை யார் பார்த்துக்கொள்வது என்றுதான் நின்றேன், ஜெயிப்பேன் என்று நினைக்கவில்லை என்றான். ராய்ஸ் இரும்புக் கம்பியால் டயரை விளிம்பிலிருந்து நெம்பிக்கொண்டிருந்தான்.

“உன் இடத்துல போய் உக்காரப் போறேன். அதான் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு. யாருக்குப் போடட்டும்?”

ராய்ஸ் நிமிரவில்லை. கம்பி கையில் நின்றது. ஜனவரியில் இரகசியமாகப் போய்ப் பதிந்தவன் ஏப்ரலில் வந்து யோசனை கேட்கிறான். எதற்கு? லூசிண்டாவின் பெயரைத் தன் வாயிலிருந்து வாங்கிக்கொண்டுபோய், டெக்கரின் ஆள் என்று அங்கே சொல்லிக் கவிழ்க்கத்தான். இந்த ஊரில் தான் சொன்னதற்கு எதிராகச் செய்து ஜெயித்தவன், மறுபடியும் அதைத்தான் செய்வான். அப்படியானால் சொல்ல வேண்டிய பெயர் ஒன்றுதான்.

“மேப்ரி,” என்றான்.

“லூசிண்டான்னு நெனச்சேன்.”

“மேப்ரிதான். ஸ்பிரிங்ஃபீல்டுல வக்கீல் இருந்தாத்தான் நடக்கும்.”

கார்த் வண்டிச் சாவியை எடுத்தான். சரி என்றான். வண்டி நெடுஞ்சாலையில் ஏறுவதைப் பார்த்த பிறகு ராய்ஸுக்கு அந்த வாரத்தில் முதல்முறையாகப் பசித்தது. ‘ஒரு மாட்டு வைத்தியர் தலைநகருக்குப் போகிறார்’ என்று ஒரு தாளில் எழுதினான். அதன் கீழே நிறைய எழுதினான்.

மறுநாள் காலை காப்பிக்குப் போனபோது கார்த் முன்பே உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக விடப்பட்டிருந்தது. மேப்ரி ஜெயித்துவிட்டான் என்று கார்த் சொன்னான். இரண்டு பக்கமும் சமமாக நெருங்கி வந்தன. மார்ச்சில் விழுந்த ஓட்டு எண்ணிக்கைக்கு ஏற்ப ஒவ்வொரு வட்டத்துக்கும் எடை. கடைசியில் ஹேஸ்லர் எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கம் முடிந்தது.

“உனக்கு யாரு இருந்தாங்க மனசுல?” என்று ராய்ஸ் கேட்டான்.

“லூசிண்டாதான். என் ஆடு ரெண்டைக் காப்பாத்தினவ. ஆனா நீ பத்தொம்பது வருஷமா இதையே யோசிச்சுட்டு இருக்கறவன். உன்னைவிட எனக்கு என்ன தெரியும்?”

பகடை சுற்றிவந்தது. ராய்ஸ் உருட்டினான். என்ன விழுந்தது என்று பார்க்காமல் கார்த்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் கேலி இருக்கிறதா என்று தேடினான். இல்லை. துளி கேலிகூட இல்லாமலிருப்பது எப்படி என்றும் யோசித்தான்.