கோ கொடுக்காதவள்

பதிமூன்று வயதில் என் இடது முழங்காலுக்குக் கீழே ஒரு கொட்டைப்பாக்கு முளைத்தது. தொட்டால் வலிக்கும். படி இறங்கினால் வலிக்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்தால் உயிர் போய்த் திரும்பி வரும். நானோ பள்ளியின் கோ-கோ அணியில் இருந்தேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுவதையே ஒரு விளையாட்டாக்கி வைத்திருக்கிறார்களே, அதேதான். பள்ளியில் கேரம் போர்டும் இருந்தது. எனக்குத்தான் அது பிடிக்கவில்லை.

மலைமேல் இருக்கும் எங்கள் ஊர் தலைச்சோலையிலிருந்து பள்ளிக்குப் போகும் ஜீப்பில் எத்தனை பேர் இருந்தார்களோ அத்தனை வைத்தியர்கள். ஒருவர் நொச்சி இலை ஒத்தடம் என்றார். இன்னொருவர் முட்டை வெள்ளைக்கருவைப் பற்றுப்போடச் சொன்னார். "வயசுப் புள்ளைக்கு ஓட்டமெல்லாம் எதுக்குங்க?" என்று டிரைவர் நோயின் வேரையே பிடித்துவிட்டார். விளையாட்டு டீச்சரிடம் ஒரு வலி ஸ்ப்ரே இருந்தது. சுளுக்கு, தலைவலி, அழுகை எல்லாவற்றுக்கும் அதுதான்.

கடைசியில் அம்மா எஸ்டேட்டில் லீவு சொல்லிவிட்டு என்னைச் சேலத்துக்கு அழைத்துப்போனாள். டாக்டர் அந்தப் பாக்கை அழுத்தினார். நான் கத்தியதும் திருப்தியாகத் தலையசைத்தார். ஓடியாடும் பிள்ளைகளுக்கு வளரும் வயதில் வருவதுதானாம். வளர்ச்சி நின்றால் தானாகப் போய்விடுமாம். அதுவரை வலித்தால் ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும். மேடு ஏறாமல் சமதரையில் நடக்க வேண்டும்.

"ஏனுங்க டாக்டர், எங்கூருல சமதரைக்கு எங்கீங்க போறது? ஊட்டு வாசலே சரிவுங்க" என்றாள் அம்மா.

நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த சமதரை இரண்டுதான். ஒன்று எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை காயப்போடும் களம். அதில் கால் வைத்தால் கணக்கெழுதும் ரைட்டர் சத்தம் போடுவார். இன்னொன்று பள்ளி மைதானம். ஆகவே டாக்டர் சொல்லைத் தட்டாமல் மைதானத்துக்கே போனேன். வலித்தால் நிறுத்தச் சொன்னதை மட்டும் மலையேறும்போது ஏதோ ஒரு வளைவில் விட்டுவிட்டேன்.

வலிக்கிறது என்று சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள். அணியில் இல்லாவிட்டால் நான் கணக்கில் தேறாத ஒரு நெட்டைச்சி, அவ்வளவுதான். அந்தப் பயம் வலியைவிடப் பெரிதாக இருந்தது. "நொம்ப நல்லாயிருச்சுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டேன்.

பிறகு ஒரு வழியும் கண்டுபிடித்தேன். துரத்தும் அணியில் எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி மட்டும் ஓடித் துரத்துவாள். அவள் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் முதுகைத் தொட்டு "கோ" என்று சொல்லிவிட்டு, அந்த இடத்தில் தான் உட்கார வேண்டும். தொடப்பட்டவள் எழுந்து ஓடுவாள். அதாவது, கோ கொடுத்தால்தான் உட்கார வேண்டும். கொடுக்காவிட்டால்? ஓட்டத்தைப் பல்லைக் கடித்துச் சமாளித்துவிடலாம். முதலில் துரத்துபவளாக நிற்க டீச்சரிடம் கெஞ்சி இடம் வாங்கினேன். யாருக்கும் கோ கொடுக்காமல் நானே ஓடினேன். டீச்சர் கத்துவது காதிலேயே விழாது.

தலைக்கனம் பிடித்தவள் என்று பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. நொண்டி என்பதற்கு அது எவ்வளவோ கௌரவமாக இருந்தது.

போட்டிக்குச் சமவெளியிலிருந்து ஓர் அணி பஸ்ஸில் வந்தது. வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்து, கையில் எலுமிச்சம்பழத்தோடு வெளிறிப்போய் இறங்கினார்கள். இதுகளையா ஜெயிக்க முடியாது என்று சிரித்தோம். வயிறு காலியான அவர்கள் பறந்தார்கள். நான் ஓடி நெருங்கினால் வரிசையின் இடைவெளியில் புகுந்து மறுபக்கம் போய் நிற்பார்கள். அப்படிப் புகுந்து போகத் துரத்துகிறவளுக்கு அனுமதி கிடையாது. நான் வரிசையின் முனையில் நட்டிருக்கும் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எட்டுப் பேரும் முதுகில் கை விழும் விழும் என்று காத்திருந்தார்கள்.

"குடுடி! கோ குடுடி!" என்று வரிசையின் ஓரத்திலிருந்து ஒருத்தி அழாத குறையாகக் கத்தினாள். தினமும் என் பக்கத்தில் ஜீப்பில் வருகிறவள்.

அவளுக்குக் கொடுத்தேன். அவள் இடத்தில் உட்கார்ந்தேன். பாய்ந்த வேகத்தில் அவள் ஒருத்தியைத் தொட்டு அவுட்டாக்கினாள். இத்தனை நேரம் நான் சுற்றியது எதற்கென்று எனக்கே வெட்கமாகிவிட்டது. சற்று நேரத்தில் என் முதுகில் ஒரு கை விழுந்தது. "கோ!" எழ முடியவில்லை. முழங்காலைப் பிடித்தபடி மண்ணில் சாய்ந்தேன். டீச்சர் ஸ்ப்ரேயோடு ஓடி வந்து அழுத்தினார். டப்பா காலி.

தோற்றோம். திரும்பும் ஜீப்பில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"முன்னாடியே சொல்லியிருந்தா உன்னைய உட்டுட்டு மத்தவளுக்குக் குடுத்திருப்போம்ல?" என்றாள். "எட்டுப் பேருல ஒருத்தி சும்மா உக்காந்திருந்தா யாருக்குத் தெரியப்போவுது?"

யாருக்குக் கோ கொடுப்பது என்பது கொடுப்பவள் விருப்பம். விளையாட்டில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்த விதி அது. எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த வாரம் டீச்சர் என்னை அணியிலிருந்து எடுத்தார். மைதான ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். பயிற்சி முடிந்ததும் ஜீப்பில் என்னோடு வருகிறவள் பின்னால் வந்து என் முதுகில் பட்டென்று தட்டி "கோ" என்பாள். கேலி செய்கிறாளோ என்று எனக்குக் கொஞ்ச நாள் சந்தேகம். கேலிதான். ஆனால் நான் மெதுவாக எழுந்திருப்பதற்குள் என் பையையும் தன் தோளில் மாட்டிக்கொண்டு, ஜீப் நிற்கும் மேட்டில் அவள் ஏறத் தொடங்கியிருப்பாள்.