குழாயில் கேட்காத பம்பை

ஹெட்போனை மாட்டிக்கொண்டு மச்சான் கண்ணை மூடித் தலையாட்டியதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. என் மனைவியின் அண்ணன். பம்பை அடிப்பவர். அதியமான்கோட்டையில் என் வீட்டுப் பின்னறையில், சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டு, மாரியம்மன் பண்டிகைக்காக ஒரு பாட்டையும் அதற்கு அவர் அடித்ததையும் பதிவு செய்தேன். ஹெட்போனில் பம்பை நெஞ்சில் இடித்தது. "இது போதும் மாப்ள, ஊரே எந்திரிச்சி ஆடும்" என்றார். வேறு எதிலும் போட்டுக் கேட்காமல் கோயிலுக்குக் கொடுத்துவிட்டேன். அதுதான் தப்பு.

கூழ் ஊற்றும் நேரம். வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் பாட்டு ஓடியது. குழாயில் கனத்த சத்தம் ஏறாது. அன்றைக்கு எனக்கு அது தெரியாது. பாடியவர் குரல் கணீரென்று வந்தது. பம்பை டிக் டிக் என்றது. வரிசையில் நின்ற தையல்காரர், "ஏங்க, உங்க பம்பையவிட எந் தையல் மிஷினு நல்லா அடிக்குங்க" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

ஆம்ப்ளிஃபயர் பக்கம் நின்ற என்னிடம் மச்சான் வந்தார்.

"எம் பம்பைய எங்கடா ஒளிச்ச?"

"ஒளிக்கலைங்க மச்சான்."

இடக்காதோடு சேர்த்து அறைந்தார். உள்ளே ஏதோ கிழிந்தது. மறுபடியும் அதே இடத்தில். ரத்தம் கழுத்தில் இறங்கியது. நான் மைக் ஸ்டாண்டைத் தூக்கி அவர் இடது மணிக்கட்டில் போட்டேன். எலும்பு முறிந்தது மற்ற காதில் நன்றாகவே கேட்டது. விழுந்தவரை மறுபடியும் அடித்தேன். வரிசையில் நின்றவர்கள் பிடித்து இழுக்காவிட்டால் கொன்றிருப்பேன். இதைக் குறைத்துச் சொல்ல விருப்பமில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். "ரெண்டு பேரும் செத்திருந்தா ஒரே அழுகையோட போயிருக்கும்" என்றாள்.

என் இடக்காது அதற்குப்பின் கேட்கவே இல்லை. அவர் மணிக்கட்டு முழுதாக மடங்கவில்லை. மூன்று வருஷம் பேச்சில்லை. இந்த வருஷம் பண்டிகைக்கு முன்னால் ஒரு மத்தியானம், பம்பையோடு வாசலில் வந்து நின்றார். பதிவு செய்தோம். இடக்கை அடி ஒவ்வொன்றும் பிந்தியது. அவர் போனபின் கம்ப்யூட்டரில் ஒவ்வோர் அடியாகப் பிடித்துச் சரியான இடத்துக்கு நகர்த்தினேன். இரண்டு நாள் ஆனது. இந்தமுறை மாடியில் ஒரு குழாயைக் கட்டி, பம்பை அதில் தெளிவாகக் கேட்கும்வரை சத்தத்தைச் சரிசெய்து, அவரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன்.

இடப்பக்கம் நின்று ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. சுற்றி வந்து மறுபடி சொன்னார்.

"இது நான் அடிச்சது இல்ல மாப்ள. நான் அடிச்சத வையி."

நகர்த்தியதை எல்லாம் விழுந்த இடத்திலேயே திரும்ப வைத்தேன். பண்டிகையில் ஊரே கேட்டது. எந்த அடி பிந்துகிறது, ஏன் பிந்துகிறது என்று எல்லாருக்கும் தெரியும்.