இரண்டு பேர் உட்காரும் வண்டி

ஆரோக்கியசாமியின் அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று நின்று கால் வெந்துபோனவர். மகனுக்கும் அதே தொட்டி காத்திருந்தது. அதற்குள் ஜெர்மன் சண்டை வந்தது. சண்டைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், துப்பாக்கியைவிடச் சுண்ணாம்புக்கு அதிகம் பயந்த பையன் போய்ப் பெயர் கொடுத்துவிட்டான். கப்பலில் ஏற்றி பஸ்ராவில் இறக்கினார்கள். மூட்டை தூக்கப் போனவனை ஆஸ்பத்திரி வேன் கழுவும் வேலைக்கு மாற்றினார்கள். கழுவிய வேனை நகர்த்தி நிறுத்தப் பழகி, ஓட்டவும் கற்றுக்கொண்டான்.

அங்கே மரம் இல்லை, மாடு இல்லை, குறுக்கே வர ஆளும் இல்லை. காயம்பட்டவர்களை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பும்போது அவன் காலை அழுத்துவான். வண்டி அதிரும். மணல் இரண்டு பக்கமும் பறக்கும். பிறகு வந்த காலமெல்லாம் சண்டை எப்படி இருந்தது என்று யார் கேட்டாலும் அவருக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த மணல்தான். அதைச் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று, ஈச்சம்பழம் நிறையக் கிடைத்தது என்று சொல்லி முடித்துவிடுவார்.

திரும்பி வந்ததும் தோல் வியாபாரி அப்துல் ஹமீத் சாயபுவிடம் டிரைவராகச் சேர்ந்தார். சாயபு தங்கமான மனுஷர். ஆனால் அவருக்கு வேகம் என்றால் தலைசுற்றல். மாட்டுவண்டியை முந்துவதற்குக்கூட யோசிப்பார். பின் சீட்டில் சாய்ந்துகொண்டு, "ஆஹிஸ்தா, ஆரோக்கியம், ஆஹிஸ்தா" என்பார். மெதுவாகப் போ என்று அர்த்தம். தோல் பதனிட ஆவாரம்பட்டை ஏற்றிய வண்டிகள் வரிசையாக முன்னால் போகும். அவற்றின் பின்னாலேயே, பட்டைத் தூசியைத் தின்றுகொண்டு, பன்னிரண்டு வருஷம் ஊர்ந்தார் ஆரோக்கியசாமி.

இதற்கு நடுவில் பூவம்மாளைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு பெண்கள் பிறந்தார்கள். பூவம்மாள் வீட்டில் இருந்தபடி பீடி சுற்றுவாள். அதிகம் பேசமாட்டாள். டிரைவர் பெண்டாட்டி என்று தெருவே அவளைச் சொன்னாலும், ஒரு நாளும் அவள் காரில் உட்கார்ந்ததில்லை. சாயபு வீட்டுக் காரில் அவள் எதற்கு உட்காரப் போகிறாள்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் தோல் வியாபாரம் படுத்துவிட்டது. சீமையில் சரக்கு வாங்க ஆள் இல்லை. சாயபு தோல் மண்டியைப் பூட்டிவிட்டு, காரோடு மெட்ராஸுக்கு மகன் வீட்டுக்குப் போவதென்று முடிவு செய்தார். ஆரோக்கியசாமியையும் கூப்பிட்டார். குடும்பத்தைப் பெயர்த்துக்கொண்டு போக இவருக்கு மனம் வரவில்லை. அதைக் கேட்டுச் சாயபு கோபித்துக்கொள்ளவில்லை. வேலூரில் ராமமூர்த்தி என்பவருடைய ஒர்க்‌ஷாப்பில் பழைய கார்கள் விற்பனைக்கு நிற்கின்றன, ஒன்றை எடுத்துச் சொந்தமாக வாடகைக்கு ஓட்டு, கையிலிருப்பது போக மீதிக்கு நான் பொறுப்பு என்றார்.

ஆரோக்கியசாமி முதலில் தனியாகப் போய்ப் பார்த்தார். இரண்டு கார்கள் நின்றன. ஒன்று பெரிய அமெரிக்கக் கார். கான்வாஸ் கூரை, அகலப் பலகைப் படி, நெருக்கி உட்கார்ந்தால் எட்டுப் பேர் ஏறலாம். பழுப்பு நிறம். எருமை படுத்திருக்கிற மாதிரி நின்றது. இன்னொன்று சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை விட்டுப் போனது. இரண்டே பேர் உட்காரலாம். கூரையே கிடையாது. பச்சை நிறத்தில் முகப்பு நீளமாக, தரையோடு தரையாகப் பதுங்கியிருந்தது. முகப்பு மூடியின் குறுக்கே ஒரு தோல் வார் கட்டியிருந்தது. அந்த வாரைத் தொட்டுப் பார்த்தார். ஆம்பூர்க்காரர் கை அல்லவா, நல்ல தோல் என்று உடனே தெரிந்தது. அப்புறம் கையை எடுக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு இறங்கவில்லை. எந்தக் காரை எடுக்க வேண்டும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் மனம் வழக்கறிஞரைப் போலப் பேசிக்கொண்டே இருந்தது. ஜோலார்பேட்டையில் மெயில் ரயிலைப் பிடிக்க முடியாமல் எத்தனை வியாபாரிகள் திரும்பி வருகிறார்கள்? அவர்களில் ஒருவரை மட்டும் ஏற்றிக்கொண்டு பறந்தால் போதாதா? பிரசவத்துக்கு டாக்டரை அழைத்துவர எட்டு சீட்டா வேண்டும்? இதையெல்லாம் பூவம்மாளிடமும் சொன்னார். அவள் பீடி இலையைக் கத்தரித்துக்கொண்டே கேட்டாள். நானும் வந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னாள். அவள் எதற்கு வருகிறாள் என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது.

கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். முதலில் பெரிய காரில் ஒரு சுற்றுப் போனார்கள். ராமமூர்த்தியும் கூட வந்தார். பூவம்மாள் பின் சீட்டில் நடுவில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் இடத்தைக் கையால் அளப்பது போலத் தடவிப் பார்த்தாள். கார் ஒழுங்காக ஓடியது. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அடுத்தது பச்சைக் கார். அதில் மூன்றாம் ஆளுக்கு இடம் இல்லை. ராமமூர்த்தி சிரித்துக்கொண்டே, சும்மா ஒரு நடை போய்ட்டு வாங்க என்று சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பூவம்மாள் முந்தானையை எடுத்துத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் புருஷன் பக்கத்தில் இப்படி வெளியில், எல்லோரும் பார்க்க, அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

கொணவட்டம் தாண்டும் வரைக்கும் மாட்டுவண்டிகளும் சைக்கிள்களும் இருந்தன. அதற்குப் பிறகு ரோடு காலியாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் புளியமரம். ஆரோக்கியசாமி காலை அழுத்தினார்.

அந்தக் கார் அதிரவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எடுத்தது. கனத்த, சீரான குரல். காற்று முகத்தில் வந்து அறைந்தது. புளியமரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சுவரானது போல ஓடின. விரிஞ்சிபுரம் கோபுரம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. பாலாற்று மணல் ஒரு பக்கம் வெள்ளையாகக் கூடவே வந்தது. சாயபு இல்லை, மண்டி இல்லை, சுண்ணாம்பு நாற்றம் இல்லை. தன் பெயர் என்ன என்று கேட்டிருந்தால்கூட அவர் யோசித்துத்தான் சொல்லியிருப்பார்.

பள்ளிகொண்டாவுக்கு முன்னால் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தார். கார் நின்ற பிறகுதான் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருப்பது அவர் நினைவுக்கு வந்தது. திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

முந்தானை எப்போதோ பறந்து தோளில் கிடந்தது. கொண்டை அவிழ்ந்து முடியெல்லாம் முகத்தில். கண்ணில் தண்ணீர் வழிந்து காது வரைக்கும் கோடு போட்டிருந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல், உடம்பு குலுங்க, நிறுத்த முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆடுகள் போய் முடிந்தன. அப்புறம் அவள்தான் சொன்னாள்.

"இன்னாங்க, இதையே எடுத்துக்கலாம்."

"இதை வெச்சிக்கினு குடும்பம் நடக்குமா, பூவு?"

"நான் பீடி இன்னும் ஜாஸ்தி சுத்தறேன். பெரியவளும் சுத்துவா. எப்படியோ பாத்துக்கலாம். இதையே எடுங்க."

தடுக்க வந்தவள் கேட்கிறாள். அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் பயம்தான் வந்தது. கட்டினவள் பக்கத்தில் இருப்பதே மறந்துபோகும் அளவுக்கு ஒரு மனுஷனை ஒரு வண்டி இழுத்துக்கொண்டு போகுமா? ஆடு குறுக்கே வராமல் இருந்திருந்தால் எங்கே போய் நின்றிருப்பேன்? ஆம்பூர் வந்திருந்தாலும் நின்றிருப்பேனா? இந்த வண்டி கையில் இருந்தால் ஒரு நாள் திரும்பி வராமலே போய்விடுவேன் என்று அவருக்குப் பட்டது. அந்தப் பயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. காரைத் திருப்பினார். வேலூர் வரைக்கும் சாயபுவைக் கூட்டிப் போவது போல மெதுவாக ஓட்டினார். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து வரட்டும் என்றுதான் மெதுவாகப் போகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். மடியில் கையை வைத்தபடி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஒர்க்‌ஷாப்பில் இறங்கியதும் ராமமூர்த்தியிடம் பெரிய காரையே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார் ஆரோக்கியசாமி. பூவம்மாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

பெரிய கார் அவர்களை ஏமாற்றவில்லை. முகூர்த்த நாளில் மாப்பிள்ளை, பெண், மாமன், மச்சான் என்று பத்துப் பேர் தொற்றிக்கொள்வார்கள். கோர்ட்டுக் கேஸ்காரர்கள், வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிகள், தோல் மாதிரிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு போகும் வியாபாரிகள். கூலி கொடுக்க முடியாதவர்கள் பூசணிக்காய் கொடுத்துவிட்டுப் போவார்கள். மூத்தவள் படித்து டீச்சரானாள். கூரைக்கு ஓடு போட்டார்கள். ஆரோக்கியசாமியை நிதானமான டிரைவர் என்று நாலு ஊரிலும் பாராட்டினார்கள். கர்ப்பிணிகளை ஏற்றி அனுப்ப அவரைத்தான் தேடுவார்கள். அந்தப் பாராட்டைக் கேட்கும்போதெல்லாம் அவர் காரின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்குவார்.

பச்சைக் காரைக் குடியாத்தம் பக்கத்து மிட்டா ஜமீன் வீட்டுப் பையன் ஒருவன் வாங்கியிருந்தான். பெங்களூர் போக வர அது ஆம்பூர் வழியாகத்தான் போகும். வெகு தூரத்திலேயே அதன் குரல் ஆரோக்கியசாமிக்குக் கேட்டுவிடும். காரை இடது பக்கம் ஒதுக்கி வழி விடுவார். அது ஒரு பச்சைக் கோடாகக் கடந்து போகும். பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் பையனைத் திட்டுவார்கள். அவரும் தலையை ஆட்டிவைப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தபோது அந்தக் குரல் கேட்டது. அவர் எழுவதற்குள் பூவம்மாள் பீடி முறத்தைக் கையில் பிடித்தபடியே வாசலுக்குப் போய்விட்டிருந்தாள். தூசி அடங்கும் வரை நின்றாள். உள்ளே வந்து உட்கார்ந்து பழையபடி சுற்ற ஆரம்பித்தாள். அது போகும்போதெல்லாம் அவள் இப்படித்தான் போய் நிற்கிறாளா என்று அவருக்குக் கேட்கத் தோன்றியது. எழுந்து போய்க் காரின் கண்ணாடியைத் துடைத்தார்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் வாணியம்பாடிக்குப் பக்கத்தில் பையன் அதைப் புளியமரத்தில் மோதிவிட்டான் என்று சேதி வந்தது. அவனுக்குக் கால் முறிவோடு போயிற்று. கார் என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை. ரோட்டில் அந்தக் குரல் நின்றுபோயிற்று.

முப்பத்தெட்டில், ஒரு நிச்சயதார்த்தத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மாதனூர் போயிருந்தார். வீட்டுக்காரர்கள் உள்ளே பேசிக்கொண்டிருக்க, இவர் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். வயல் பக்கமிருந்து அந்தக் குரல் வந்தது. கனத்த, சீரான அதே குரல். முதலில் பிரமை என்று நினைத்தார். ஆனால் அது நிற்கவில்லை, நகரவும் இல்லை, ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டே இருந்தது. வரப்பில் இறங்கி நடந்தார்.

காசி என்கிற குடியானவரின் கிணற்று மேட்டில், நாலு கல்லை வைத்துப் பூசிய மேடைமேல், எஞ்சின் மட்டும் இருந்தது. பெல்ட் போட்டுப் பம்போடு இணைத்திருந்தார்கள். கரும்புக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. பழைய இரும்புக் கடையில் கிடைத்ததாகக் காசி சொன்னார். நல்ல எஞ்சின்தான், ஆனா எண்ணெய் ஜாஸ்தி குடிக்குது, பேஜாரா இருக்கு என்று குறைப்பட்டார். ஆரோக்கியசாமி வெகுநேரம் நின்றுவிட்டு, வீட்டம்மாவை ஒரு நாள் அழைத்து வரலாமா என்று கேட்டார். எஞ்சினைப் பார்க்க வீட்டம்மா எதற்கு என்று காசிக்குப் புரியவில்லை. ஆனாலும் வரச் சொன்னார்.

அடுத்த வாரம் பூவம்மாளைக் கூட்டிக்கொண்டு போனார். எங்கே என்று சொல்லவில்லை. வரப்பில் வரும்போதே அந்தக் குரலைக் கேட்டு அவள் நடை மாறியது. வாய்க்கால் ஓரம் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்தாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்துக்கு மேலே பேச வேண்டியிருந்தது.

"அன்னிக்கி ஏன் வேணாம்னேன்னு நீ கேக்கவே இல்ல" என்றார்.

"பிள்ளைங்களுக்காகன்னு நெனச்சிக்கினேன்."

"அது இல்ல. பள்ளிகொண்டா வரைக்கும் நீ பக்கத்துல குந்தினு இருந்ததே எனக்கு நெனப்புல இல்ல, பூவு. சுத்தமா மறந்துட்டேன். அந்த பயம்தான்."

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் அப்படித்தான்" என்றாள். "நீங்க நெனப்புல இல்ல. பெத்ததுங்ககூட நெனப்புல இல்ல. அதுக்குத்தான் அதையே எடுங்கன்னு கேட்டேன்."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். காதோரம் நரைத்திருந்தது. அவள் பேசியதற்காக வெட்கப்படவும் இல்லை, அவர்மேல் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. இத்தனை வருஷம் தான் ஒருவன்தான் எதையோ விட்டுக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தது அவருக்கு உறுத்தியது. அவள் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. காசி வயலில் நின்றிருந்ததால் பிடிக்கவில்லை.

கரும்புக்குப் போதுமான தண்ணீர் பாய்ந்ததும் காசி வந்து எஞ்சினை நிறுத்தினார். சட்டென்று எல்லாம் அமைதியானது. இருவரும் எழுந்து ரோட்டுக்கு வந்தார்கள்.

பூவம்மாள் பின் கதவுக்குப் போகாமல் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். ஆம்பூர் ரோடு காலியாக இருந்தது.

"கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்" என்றாள்.

அவர் காலை அழுத்தினார். கார் உதறியது. கூரைக் கான்வாஸ் படபடவென்று அடித்துக்கொண்டது. கதவுகள் கடகடத்தன. அதற்கு மேல் அதனால் முடியவில்லை. பின்னால் வந்த பஸ் ஒன்று ஹாரன் அடித்துவிட்டு அவர்களை முந்திக்கொண்டு போயிற்று. ஆரோக்கியசாமி காலைத் தளர்த்தவில்லை. பூவம்மாள் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முந்தானையைத் தலையிலிருந்து எடுத்துவிட்டாள்.