கட்டிலோடு போன சேதி

மும்பைப் பக்கம் அம்பர்நாத்தில் பட்டறை, பாண்டுப்பில் பார்சல் வேலை என்று எதிலும் நிலைக்காமல் சுற்றிவிட்டு, செம்பூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளுக்குக் கட்டிலும் ஆக்சிஜன் மிஷினும் வாடகைக்கு விடுகிற இடம். பாதியில் படிப்பை விட்டவனை எடுத்துக்கொண்டது, தாராவியிலிருந்து தமிழில் சேதிகள் வருவதால்தான்.

கட்டிலை எடுப்பது, மிஷினைப் பழுது பார்ப்பது என்று ஒவ்வொன்றும் கம்ப்யூட்டரில் தனித்தனி வேலை. வாட்ஸப்பில் வரும் சேதியை எந்த வேலையோடு சேர்ப்பது என்று சாஃப்ட்வேரே முடிவு செய்யும். சேதி வந்த போன் நம்பரில் ஏதாவது வேலை நடப்பில் இருந்தால் சேதி நேராக அதற்குள் போய்விடும். இடம் தெரியாதவை மட்டும் என் திரைக்கு வரும்.

தாராவியில் எங்கள் ஆட்களின் வழக்கம் வேறு. சந்தில் எழுதத் தெரிந்த ஒருவர் இருப்பார். எல்லார் வீட்டுச் சேதியும் அவர் போனிலிருந்துதான் போகும். ஒரு சந்தில் அது இஸ்திரிக் கடைக்காரர். அவருடைய அம்மா இறந்துவிட்டதால் கட்டிலை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். மறுநாள் காலை அதே போனிலிருந்து, எதிர்வீட்டு அக்காவுக்காக, மிஷினில் காற்று வரவில்லை என்று எழுதினார். அக்காவின் புருஷன் அந்த மிஷினை நம்பித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

அந்தச் சேதி கட்டில் வேலைக்குள் போய் விழுந்தது. 'ஆள் இன்று வருவார்' என்று தானாகவே ஒரு பதிலும் போயிற்று. மதியம் டெம்போக்காரர்கள் போய்க் கட்டிலை ஏற்றினார்கள். மிஷினைப் பற்றி அக்கா கேட்டதற்கு, அதற்கு வேறு ஆள் வருவான் என்று இந்தியில் சொல்லிவிட்டு, வேலை முடிந்ததாகப் போனில் அழுத்திவிட்டார்கள்.

சாயங்காலம் அக்காவே ஆபீசுக்குப் போன் செய்தார்.

"காலையிலயே சொல்லியாச்சுல்லா தம்பி. ஆள் வருவாவன்னு நீங்கதான போட்டிருக்கிய. அதை நம்பித்தான் ஆஸ்பத்திரிக்குக்கூட கொண்டு போகாம இருக்கேன்."

கம்ப்யூட்டரில் மிஷின் வேலைகளுக்குள் தேடினேன், ஒன்றும் இல்லை. முடிந்துபோன கட்டில் வேலைக்குள் சேதி கிடந்தது. உடனே டாக்சி பிடிக்கச் சொல்லிவிட்டு, இஸ்திரிக் கடைக்காரர் நம்பரிலேயே மிஷினுக்கு ஒரு வேலை திறந்தேன். ஆஸ்பத்திரி வார்டில் சேர்த்தார்கள். அக்காவின் புருஷன் வீடு திரும்பவில்லை.

நம்பரை மட்டும் வைத்துப் பிரித்தால் தாராவிக்கு ஒத்துவராது என்று மேனேஜரிடம் சொன்னேன். அவரவர் போனிலிருந்து அனுப்பச் சொல் என்றார்.

கொஞ்ச நாள் கழித்து அதே நம்பரிலிருந்து இன்னொரு சேதி, அக்கா வீட்டு மிஷினை எடுத்துக்கொண்டு போகும்படி. அது என் திரைக்கு வரவில்லை. டெம்போக்காரர் சொல்லித்தான் தெரியும். இந்த முறை சாஃப்ட்வேர் அதைச் சரியான வேலையில், நான் திறந்த மிஷின் வேலையில், சேர்த்திருந்தது. மிஷினை எடுக்க ஆள் அன்றைக்கே போயிருக்கிறார்.